குழியும் மேடும்: வாத்தியார் படம் எடுப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஆசிரியர்களைப் பற்றிப் படம் எடுத்த, எடுக்கிற, இனி எடுக்கப் போகிற இயக்குநர்களுக்கும், அவர்களுக்காக ஊர் ஊராக லொகேஷன் பார்த்து அலைகிற உதவி இயக்குநர் தம்பிகளுக்கும் வணக்கமுங்க.

கோபிச்செட்டிபாளையத்துக்குப் பக்கத்தில், வாய்க்கால் தண்ணி பாயும் ஒரு ஊரின் அரசு உயர்நிலைப் பள்ளியில் நான் கணக்கு டீச்சர். 25 வருஷமாக இதே வேலை. பேரும் ஊரும் எதற்கு, ஒரு கணக்கு டீச்சர் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

போன வருஷம் மே மாதம் எங்கள் பள்ளிக்கு ஒரு ஷூட்டிங் வந்தது. கோபிக்காரர்களுக்கு ஷூட்டிங் ஒன்றும் புதிதில்லை. நெல்வயல், வாய்க்கால், தென்னை, பின்னால் மலை என்று எல்லாம் ஒரே ஃபிரேமில் கிடைக்கிற ஊர் இது. கொடிவேரி அணையில் நனையாத கதாநாயகி இருக்கிறாரா என்று எங்கள் பக்கத்தில் கிண்டலாகக் கேட்பார்கள். முறையாக அனுமதி வாங்கித்தான் வந்திருந்தார்கள். ஏதோ வேலையாக அன்று பள்ளிக்குப் போயிருந்த நானும் வேடிக்கை பார்த்தேன்.

எங்கள் பள்ளியின் முன்சுவருக்கு முன்னாள் மாணவர்கள் காசு போட்டு நீல வண்ணம் அடித்துக் கொடுத்து ஆறு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. ஆர்ட் டிபார்ட்மென்ட் ஆட்கள் ஒரு வாளியில் செம்மண்ணைக் கரைத்து, பழைய துணியை முக்கி, அந்த நீலச் சுவரில் அப்பினார்கள். நல்ல பெஞ்சுகளை வெளியே தூக்கி வைத்துவிட்டு, லாரியிலிருந்து கால் ஒடிந்த பெஞ்சுகளை இறக்கினார்கள். ஸ்மார்ட் போர்டைச் சாக்குத் துணியால் மூடினார்கள்.

"ஏனுங்க தம்பி, இது எதுக்கு?" என்று கேட்டேன்.

"கவர்மென்ட் ஸ்கூல் லுக் வேணுங்க மேடம்."

"இது கவர்மென்ட் ஸ்கூல்தானுங்களே?"

அந்தத் தம்பி சிரித்துவிட்டு அடுத்த சுவருக்குப் போய்விட்டார். போகும்போது திரும்ப வண்ணம் அடித்துத்தான் கொடுத்தார்கள், குறை சொல்லக் கூடாது. ஆனால் அது வேறு நீலம். இப்போது எங்கள் சுவரில் இரண்டு நீலம் இருக்கிறது.

அன்று பொழுதோட, விளக்கெல்லாம் கட்டி முடித்த பிறகு, 25 வயது இருக்கும், ஒரு உதவி இயக்குநர் நோட்டோடு வந்து வராந்தாவில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். மரியாதையான பையன். "மேடம், உங்க சர்வீஸ்ல மாஸா ஒரு சம்பவம் சொல்லுங்க. தியேட்டர்ல கிளாப்ஸ் அள்ளணும்" என்றார். டீ ஆறும்வரை யோசித்தேன். "அப்படி ஒண்ணும் இல்லீங்க தம்பி" என்றேன். நோட்டை மூடிவிட்டுப் போனார். அவருக்குச் சொல்ல வேண்டிய பதில் ஒரு வருஷம் கழித்து இப்போதுதான் வருகிறது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சினிமாவைத் திட்ட நான் இதை எழுதவில்லை. நானே சினிமா பார்த்து டீச்சர் ஆனவள்தான், பாதிக்குப் பாதியாவது. 1994-ல் 'நம்மவர்' வந்தபோது நான் பி.எஸ்.சி. கணக்கு படித்துக்கொண்டிருந்தேன். ஈரோட்டில் தோழிகளோடு பார்த்தேன். கமல்ஹாசன் பேராசிரியர் செல்வமாக வந்து கல்லூரியைப் புரட்டிப் போடுவார். கூட வந்தவர்கள் எல்லாம் அவரைப் பற்றியே பேசிக்கொண்டு பஸ் ஏறினார்கள். எனக்கு மனசில் நின்றவர் நாகேஷ். மகளைப் பறிகொடுத்த பேராசிரியராக வருவாரே, அந்த வேஷத்துக்குத்தான் அவருக்குத் தேசிய விருது கிடைத்தது. ஒரு வாத்தியார் வகுப்பை விட்டு வெளியே வந்தால் அவருக்கும் வீடு, மகள், துக்கம் எல்லாம் இருக்கும் என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. அதுவரை வாத்தியார் என்றால் சாக்பீஸோடு முளைத்து வந்தவர் என்றே நினைத்திருந்தேன். பி.எட். போனதற்கு அப்பாவின் தறிக் கடனும் ஒரு காரணம், சீக்கிரம் சம்பளம் வேண்டியிருந்தது. ஆனால் அந்தப் படமும் ஒரு காரணம்.

எங்கள் பக்கத்து வெள்ளாங்கோயில்காரர் பாக்யராஜும் 'முந்தானை முடிச்சு' (1983) படத்தில் கிராமத்து வாத்தியார்தான். அதைப் பார்த்து யாரும் வாத்தியார் வேலைக்குப் போனதாகத் தெரியவில்லை, முருங்கைக்காய்தான் விற்றது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் முதல் ஆசிரியர் தகுதித் தேர்வு நடந்தது 2012-ல். 'சாட்டை' வெளியானதும் அதே வருஷம். தேர்வில் தேறி வேலைக்கு வந்த பல இளம் ஆசிரியர்கள், சமுத்திரக்கனி நடித்த தயாளன் சாரை மனசில் வைத்துக்கொண்டுதான் பள்ளி வாசலில் கால் வைத்தார்கள். எங்கள் பள்ளிக்கும் அப்படி ஒரு அறிவியல் சார் வந்தார். கைக்காசு போட்டு ஆய்வுக்கூடத்துக்குச் சாமான் வாங்கினார். பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார். பிள்ளைகள் அவருக்கு 'தயாளன் சார்' என்றே பேர் வைத்துவிட்டார்கள். நானும் ரசித்தேன். பழைய ஆட்களான எங்களுக்குக் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

அடுத்த வருஷம் காலாண்டுத் தேர்வு வந்தது. பத்தாம் வகுப்பு அறிவியலில் பழையபடி பாதிப் பேர் ஃபெயில். விடைத்தாள் கட்டை மேஜையில் போட்டுவிட்டு அவர் உட்கார்ந்திருந்த உட்காரல் இன்னும் என் கண்ணுக்குள் இருக்கிறது. "என்னங்க டீச்சர், இவ்வளவு பண்ணியும் ஒண்ணும் மாறலையே" என்றார். என்னிடம் அறிவுரை எதுவும் இல்லை. டிபன் பாக்ஸ் மூடியில் பாதி தக்காளிச் சாதத்தை வைத்து அவர் பக்கம் தள்ளினேன். மூன்றாவது வருஷம் கவுன்சிலிங்கில் சொந்த மாவட்டத்துக்கு மாறுதல் வாங்கிக்கொண்டு போனார். அதில் தப்பே இல்லை, அவருக்கும் வயசான அம்மா இருந்தார்.

அதே 'சாட்டை'யைப் பார்த்து நிஜமாகவே மாறிய ஒருவரை எனக்குத் தெரியும். எங்கள் அப்போதைய உதவித் தலைமையாசிரியர். அந்தப் படத்தில் தம்பி ராமையா நடித்த உதவித் தலைமையாசிரியர்தான் வில்லன். எங்கள் சாரும் பழைய ஆள், கையில் எப்போதும் ஒரு புளிய வெளாரு இருக்கும். அடிக்கக் கூடாது என்று 2009-ம் வருஷக் கல்வி உரிமைச் சட்டமே சொல்லிவிட்டது. சட்டம் வந்த பிறகும் வெளாரு போகவில்லை. குடும்பத்தோடு போய்ப் படத்தைப் பார்த்துவிட்டு வந்தவர் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் ஸ்டாஃப் ரூமில், யாரும் இல்லாத நேரம் பார்த்து, "டீச்சர், நான் அந்த ஆள் மாதிரியாங்க இருக்கறேன்?" என்று கேட்டார். நான் பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "கொஞ்சம் இருக்கறீங்க சார்" என்றேன். அதற்கப்புறம் அவர் கையில் அந்த வெளாரைப் பார்க்கவில்லை. ஓய்வு பெறும் நாள் வரைக்கும் பார்க்கவில்லை.

இதைப் படிக்கிற இயக்குநர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும். உங்கள் கதாநாயகனைப் பார்த்து வந்தவர் களைத்துப் போனார். உங்கள் வில்லனைப் பார்த்தவர் திருந்தினார். ஏன் என்று எனக்கு ஒரு யூகம் இருக்கிறது. வில்லன் வாத்தியாரை நீங்கள் பார்த்து எழுதியிருக்கிறீர்கள், உங்களை அடித்த யாரோ ஒருவர் உங்கள் மனசில் அப்படியே இருக்கிறார். கதாநாயக வாத்தியாரைக் கற்பனையில் எழுதுகிறீர்கள். அதனால்தான் அவர் எல்லாம் செய்கிறார், ஒன்றைத் தவிர. பாடம் நடத்துவதில்லை.

கோபித்துக்கொள்ளாமல் எண்ணிப் பாருங்கள். 'ராட்சசி'யில் (2019) ஜோதிகா தலைமையாசிரியை கீதா ராணி. பேசுகிறார், தட்டிக் கேட்கிறார், ரவுடிகளை அடிக்கிறார். முன்பு ராணுவத்தில் இருந்தவர் என்று கதையில் வரும். எங்கள் தலைமையாசிரியை முன்பு தாராபுரத்தில் இருந்தவர், அவ்வளவுதான். கிணத்துக்கடவுக்காரர் லோகேஷ் கனகராஜ் எடுத்த 'மாஸ்ட'ரில் (2021) விஜய் பேராசிரியர். அவர் யார் யாரை எப்படி அடித்தார் என்று என் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் வரிசையாகச் சொல்வார்கள். என்ன பாடம் நடத்துகிறவர் என்று கேட்டேன். ஒருத்தனுக்கும் தெரியவில்லை. ஒரு டாக்டர் படத்தில் ஆபரேஷன் காட்சி வருகிறது. ஒரு வக்கீல் படத்தில் வாதம் வருகிறது, குத்துச்சண்டைப் படத்தில் அரை மணி நேரம் குத்துச்சண்டை வருகிறது. வாத்தியார் படத்தில் மட்டும் பாடம் தொடங்கும்போது பாட்டுப் போட்டுவிடுகிறீர்கள். பாட்டு முடிவதற்குள் பிள்ளைகள் எல்லாம் படித்து முடித்துவிடுகிறார்கள்.

சற்குணம் எடுத்த 'வாகை சூட வா'வுக்கு (2011) என் மனசில் தனி இடம் உண்டு. 1966-ல் நடக்கிற கதை. அரசு வேலைக்காக ஊருக்குள் பாடம் சொல்லிக்கொடுக்க வந்தவன் செங்கல் சூளைப் பிள்ளைகளிடம் மாட்டிக்கொள்கிறான். வந்தவுடனே வாத்தியார் இல்லை அவன், மெல்ல மெல்ல ஆகிறான். நாங்கள் எல்லோரும் அப்படித்தான்.

இப்போது நான் சொல்ல நினைத்த குழிக்கு வருகிறேன்.

பல வருஷம் முன்னால் வட்டார வள மையத்தில் கணக்கு ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சி. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பாதிப் பேர் தூங்கிக்கொண்டிருந்தோம். பயிற்சி கொடுக்க வந்தவர் லேப்டாப்பில் ஒரு ஆங்கிலப் படத்தின் துண்டைப் போட்டார். 'ஸ்டாண்ட் அண்ட் டெலிவர்', 1988-ல் வந்தது. பொலிவியாவில் பிறந்து அமெரிக்காவுக்குப் போன ஹைமே எஸ்கலாண்டே என்ற நிஜக் கணக்கு வாத்தியாரின் கதை. லாஸ் ஏஞ்சல்ஸின் கிழக்குப் பகுதியில், ஏழைப் பிள்ளைகள் படிக்கிற கார்ஃபீல்டு பள்ளி. அதில் அவர் ஒரு முரட்டுப் பையனிடம் கேட்பார்: கடற்கரைக்குப் போயிருக்கிறாயா, மணலில் குழி தோண்டியிருக்கிறாயா? குழியிலிருந்து வெளியே வந்த மணல் பிளஸ். குழி மைனஸ். அவ்வளவுதான். மைனஸ் இரண்டோடு இரண்டைக் கூட்டினால் என்ன?

எனக்குத் தூக்கம் போய்விட்டது. அதுவரை பத்து வருஷமாக எண்கோடு போட்டு இடப்பக்கம் நட, வலப்பக்கம் நட என்று நடத்திக்கொண்டிருந்தேன். பிள்ளைகளும் நடந்தார்கள், எதற்கு என்று தெரியாமல்.

எங்கள் ஊரில் கடற்கரை இல்லை. ஆனால் பசுமைப் படைப் பிள்ளைகள் வேப்பங்கன்று நட மைதானத்து ஓரத்தில் குழி வெட்டிக்கொண்டிருந்தார்கள். அடுத்த நாள் ஏழாம் வகுப்பை அங்கே கூட்டிக்கொண்டு போனேன். ஒரு மம்முட்டி, ஒரு சட்டி. (எங்கள் ஊரில் மம்முட்டி என்றால் முதலில் மண்வெட்டி, அப்புறம்தான் நடிகர்.) கெட்டித் தரையில் இரண்டு சட்டி மண் எடுத்து வெளியே கொட்டச் சொன்னேன். மேடு பிளஸ் இரண்டு, குழி மைனஸ் இரண்டு. மேட்டை அப்படியே குழிக்குள் தள்ளினால்?

"தரையாயிருமுங் டீச்சர்."

"தரைக்கு என்ன நம்பர்?"

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் இரண்டு மூன்று குரல்: "சைபருங்."

கணக்கு டீச்சர்களுக்குத் தெரியும், இங்கே ஒரு பழைய வியாதி இருக்கிறது. மைனஸ் இரண்டையும் மைனஸ் மூன்றையும் கூட்டு என்றால் பாதி வகுப்பு பிளஸ் ஐந்து என்று எழுதும். மைனஸும் மைனஸும் சேர்ந்தால் பிளஸ் என்று எங்கோ கேட்டது மண்டையில் ஒட்டிக்கொண்டிருக்கும். பெருக்கலுக்குச் சொன்னதைக் கூட்டலுக்கும் போட்டுவிடுவார்கள். எத்தனை சிவப்பு மை போட்டாலும் போகாது. அன்றைக்கு ஒரு பையன், அவன் அப்பா கிணறு வெட்டப் போகிறவர், மம்முட்டியை வாங்கினான். யாரும் சொல்லாமலேயே மறுபடி இரண்டு சட்டி எடுத்தான். நின்றான். அப்புறம் அதே குழிக்குள் இறங்கி இன்னும் மூன்று சட்டி எடுத்து வெளியே போட்டான். குழியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"குழிக்குள்ள குழி வெட்டுனா மேடு எப்படிங் டீச்சர் வரும்? ஆழந்தானுங்க ஆகும்."

பக்கத்தில் நின்றவன் நோட்டைப் பிரித்து, முந்தின நாள் பிளஸ் ஐந்து என்று எழுதி வைத்திருந்ததைச் சத்தமில்லாமல் அடித்துவிட்டு மைனஸ் போட்டான். ஒருத்தரும் கை தட்டவில்லை. மணி அடித்தது, மண்ணைத் துடைத்துக்கொண்டு இந்தி டப்பிங் பட அடி மாதிரி ஒருத்தனை ஒருத்தன் தள்ளிக்கொண்டு ஓடினார்கள்.

பெருக்கலுக்கு அந்தக் குழி போதவில்லை. மைனஸும் மைனஸும் பெருக்கினால் பிளஸ் என்பதற்கு அந்தப் படத்திலும் வகுப்பே சேர்ந்து ராகம் போட்டுத்தான் சொல்லும். எனக்குப் பதில் கிடைத்தது பால் சொசைட்டியில். எங்கள் பக்கம் மாடு இல்லாத வீடு குறைவு. பட்டுவாடா அன்றைக்குத் தீவனத்துக்கு என்று காசு பிடிப்பார்கள். ஒரு பிடித்தம் 50 ரூபாய் என்றால் அது வீட்டுக்கு மைனஸ் 50. எழுதுகிறவர் கைமறதியாக மூன்று பிடித்தம் அதிகமாக எழுதிவிட்டார், பிறகு அந்த மூன்றையும் அடித்துவிட்டார். மூன்று மைனஸை எடுத்துவிட்டார், அதாவது மைனஸ் 3 தடவை மைனஸ் 50. வீட்டுக்கு என்ன ஆச்சு? "எங்கம்மாளுக்கு நூத்தம்பது ரூபாய் திரும்பி வருமுங்" என்றாள் ஒரு பெண். நூற்றைம்பது ரூபாய் என்றதும் மொத்த வகுப்புக்கும் புரிந்தது.

தம்பி, நீங்கள் கேட்ட மாஸ் சம்பவம் இதுதான். என் 25 வருஷத்தில் இதைவிடப் பெரிது எதுவும் இல்லை. ஒரு படத்தில் யாரோ ஒரு எழுத்தாளர் உட்கார்ந்து, கணக்கு எப்படிப் புரிகிறது என்று யோசித்து எழுதிய அரை நிமிஷம் கடல் தாண்டி வந்து கோபிப் பக்கத்து மைதானத்தில் ஒரு குழியாகிவிட்டது. எழுச்சியூட்டும் வசனம் எதுவும் இப்படி என் வகுப்புக்குள் வரவில்லை. எனக்கே அந்த வசனங்கள் பிடிக்கும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் திங்கட்கிழமை முதல் பீரியடில் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அந்தப் படத்திலும் ஒரு குறை உண்டு, அதைப் பிறகுதான் தேடிப் படித்துத் தெரிந்துகொண்டேன். எஸ்கலாண்டே கார்ஃபீல்டு பள்ளிக்கு வந்தது 1974-ல். கால்குலஸ் வகுப்பு தொடங்க முடிந்தது 1978-ல், விரல் விட்டு எண்ணுகிற பிள்ளைகளோடு. 18 பேர் எழுதிய பரீட்சை, காப்பியடித்தார்களோ என்று சந்தேகப்பட்டு மறுபடி எழுத வைத்த அந்தப் பிரபலமான பரீட்சை, 1982-ல். மறுபடி எழுதிய 12 பேரும் தேறினார்கள். ஆக, 8 வருஷம். படத்தில் அது ஓரிரு வருஷக் கதையாகச் சுருங்கிவிடுகிறது. படத்தில் அவர் தனியாள் மாதிரித் தெரிவார். நிஜத்தில் ஹென்றி கிராடில்லாஸ் என்ற தலைமையாசிரியர் அவருக்குத் துணை நின்றார், பென் ஹிமெனஸ் என்ற இன்னொரு கணக்கு ஆசிரியர் தோள் கொடுத்தார். இதெல்லாம் எங்கள் அறிவியல் சார் வந்த வருஷம் எனக்குத் தெரிந்திருந்தால், தக்காளிச் சாதத்தோடு சேர்த்து இதையும் கொடுத்திருப்பேன்.

இன்னொரு படத்தைப் பற்றி எழுதாமல் விட என் மனசாட்சி இடம் கொடுக்கவில்லை. 'தாரே ஜமீன் பர்' 2007-ல் வந்தது. நான் பார்த்தது அடுத்த வருஷம், தம்பி வீட்டில், சிடியில். எழுத்துகள் குழம்பிப் போகிற ஒரு பையன், அவனைக் கண்டுபிடிக்கிற ஓவிய ஆசிரியராக அமீர்கான். எல்லோரும் அழுதார்கள். நான் பாதியில் எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டேன். அதற்கு மூன்று வருஷம் முன்னால் ஆறாம் வகுப்பில் என்னிடம் ஒரு பையன் இருந்தான். 3-ஐத் திருப்பி எழுதுவான். 16 என்று சொன்னால் 61 என்று எழுதுவான். வாயால் கேட்டால் சட்டென்று பதில் வரும், எழுதினால் எல்லாம் தப்பு. சோம்பேறி, கொழுப்பு என்று நினைத்தேன். ஒவ்வொரு தப்புக்கும் இருபது தடவை எழுத வைத்தேன். எழுத்தே வராத பையனுக்கு எழுதுவதையே தண்டனையாகக் கொடுத்திருக்கிறேன். ஏழாம் வகுப்புக்கு அவன் வரவில்லை. தறிக்குப் போய்விட்டான் என்றார்கள்.

அப்போதெல்லாம் கற்றல் குறைபாட்டுக்குச் சட்டத்திலேயே இடம் இல்லை. 2016-ம் வருஷ மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்த பிறகுதான் 21 வகைகளில் அதுவும் ஒன்றாகச் சேர்ந்தது. ஆனால் சட்டம் வருவதற்கு ஒன்பது வருஷம் முன்னாலேயே ஒரு சினிமா அதை வீட்டுக்கு வீடு கொண்டுவந்து விட்டது. அதற்குப் பிறகு என் வகுப்பில் எண்களைத் திருப்பி எழுதுகிற பிள்ளை வந்தால், முதலில் வாயால் கேட்கிறேன். நோட்டைப் பிறகு பார்க்கிறேன். அந்தப் பையனைச் சில வருஷம் கழித்து ஒரு தேர்த்திருவிழாவில் பார்த்தேன். "நல்லா இருக்கீங்களாங் டீச்சர்" என்று அவன்தான் வந்து கேட்டான். கேட்க வேண்டியவள் நான்.

ப வடிவ பெஞ்சு விஷயம் உங்களுக்கும் தெரிந்திருக்கும். 'ஸ்தானார்த்தி ஸ்ரீகுட்டன்' என்ற மலையாளப் படத்தைப் பார்த்துக் கேரளத்தில் சில பள்ளிகள் கடைசி பெஞ்சே இல்லாமல் சுற்றி உட்கார வைத்தன. 2025 ஜூலையில் தமிழ்நாட்டிலும் அந்தப் பேச்சு வந்தது, வந்த வேகத்திலேயே அடங்கியது. நான் அதற்கு முன்பே ஒரு நாள் போட்டுப் பார்த்தேன். 40 பிள்ளைகளுக்கு எங்கள் அறை கொள்ளவில்லை, ஓரத்தில் இருந்தவர்கள் போர்டைப் பார்க்கக் கழுத்தைத் திருப்பியே வைத்திருக்க வேண்டியிருந்தது. கணக்குக்கு ஆகவில்லை. ஆனால் தமிழ் ஐயா செய்யுள் நடத்த அப்படித்தான் போட்டுக்கொள்கிறார், அங்கே நன்றாக இருக்கிறது. ஒரு படத்தில் வந்ததை அப்படியே எடுத்துவைக்க முடியாது, எந்தப் பாடத்துக்கு என்று பார்த்துத்தான் எடுக்க வேண்டும். பெஞ்சுக்கே இந்தப் பாடு என்றால் பாருங்கள்.

உங்கள் படங்களில் வராத சிலதையும் சொல்கிறேன், வேண்டுமென்றால் எழுதிக்கொள்ளுங்கள். காலையில் வந்ததும் பாதி நேரம் செல்போனில் எமிஸ் பதிவேற்றம், அதாவது பிள்ளைகளின் விவரங்களை அரசுத் தளத்தில் ஏற்றுவது. நெட்வொர்க் கிடைக்காமல் வேப்பமரத்தடியில் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நாங்கள் நிற்கிற கோலம் நல்ல காமெடி சீன், இலவசமாகத் தருகிறேன். மஞ்சள் வெட்டு நாட்களில் பாதி வகுப்பு காலி. அப்புறம் திருப்பூர். எங்கள் ஊர் வழியாகவே பனியன் கம்பெனி வேன் போகிறது. ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருத்தன் ஒரு திங்கட்கிழமை வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. வீட்டுக்குப் போனேன். "என்ன டீச்சர் பண்றதுங்க, சனிக்கிழமையானா கையில காசு வருதுங்களே. நீங்க சொல்றதும் செரிதானுங்க" என்றார் அவன் அம்மா. எனக்கு டீ போட்டுக் கொடுத்தார். மூன்று தடவை போனேன், மூன்று தடவையும் டீ. உங்கள் படமாக இருந்தால் நான் அங்கே ஒரு வசனம் பேசி அந்த அம்மா அழுதிருப்பார். நிஜத்தில் நான் வாடகை எவ்வளவு என்று கேட்டேன், அவர் சொன்னார், எனக்குப் பேச்சு வரவில்லை. நான்காவது வாரம் அந்தப் பையன் தானாகவே பள்ளிக்கு வந்துவிட்டான். என்னால் இல்லை. கம்பெனியில் யாருடனோ சண்டை. பத்தாம் வகுப்பில் கணக்கில் 41 வாங்கினான். இதில் யார் கதாநாயகன், யார் வில்லன் என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. உங்களுக்குப் பிடிபட்டால் எடுங்கள்.

நிஜத்திலும் சினிமா மாதிரி நடப்பது உண்டு, மறுக்கவில்லை. 2018-ல் திருவள்ளூர் மாவட்டம் வெளியகரம் அரசுப் பள்ளியிலிருந்து ஒரு ஆங்கில ஆசிரியருக்கு மாறுதல் வந்தபோது, பிள்ளைகள் அவரைப் போகவிடாமல் கட்டிப்பிடித்து அழுததை நாடே பார்த்தது. அந்தக் காட்சியை நானும் செல்போனில் பத்துத் தடவை பார்த்தேன். ஆனால் என் கண் தேடியது அந்தக் கண்ணீருக்கு முந்தைய நாட்களை. அந்தச் சார் அந்தப் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தை எப்படிச் சொல்லிக்கொடுத்தார்? எந்த இடத்தில் அவர்களுக்குப் பிடிபட்டது? அதை யாரும் படம் பிடிக்கவில்லை.

எனவே என் கோரிக்கை ஒன்றே ஒன்று. அடுத்த வாத்தியார் படத்தில் ஒரு பாடம், ஒரே ஒரு பாடம், முதலிலிருந்து கடைசி வரை நடக்கட்டும். பத்து நிமிஷம் போதும். பாட்டு வேண்டாம், ஸ்லோ மோஷன் வேண்டாம். ஒரு பிள்ளைக்குப் புரியாமல் இருப்பது, அந்தப் புரியாமை எங்கே சிக்கியிருக்கிறது என்று டீச்சர் தடவிப் பார்ப்பது, முதல் வழி தோற்பது, இரண்டாவதும் தோற்பது, அப்புறம் அந்த முகம். புரிந்த முகத்தைக் காட்டுவதற்கு உங்களைவிட யாரிடம் நல்ல கேமரா இருக்கிறது?

அதைப் பார்க்க வேண்டுமென்றால் தாராளமாக எங்கள் பள்ளிக்கு வாருங்கள். மே மாதம் வராதீர்கள். மே மாதம் கட்டடம்தான் இருக்கும், பிள்ளைகள் இருக்க மாட்டார்கள். ஆகஸ்டில் வாருங்கள். புதன்கிழமை மூன்றாவது பீரியட் எனக்கு ஏழாம் வகுப்பு. கடைசி பெஞ்சில் இடம் இருக்கிறது, காலும் ஒடியவில்லை. அந்த உதவி இயக்குநர் தம்பியையும் நோட்டோடு கூட்டி வாருங்கள். வரும்போது அந்த ஆர்ட் டிபார்ட்மென்ட் தம்பியிடம் சொல்லி, எங்கள் பழைய நீலத்தில் ஒரு டப்பா பெயின்ட் வாங்கி வரச் சொன்னால் நல்லது. ஷேடு நம்பர் நான் எழுதி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
கோபிப் பக்கத்து ஒரு கணக்கு டீச்சர்